அப்பாவின் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்’ என்று மட்டும் இருக்கிறது. அடுத்து எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும்?

கேள்வி: நாகலூர் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 71. நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவோடு ஏற்காட்டிலேயே இருக்கிறார். நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன், வார இறுதிகளில் மேலே போய் வருகிறேன். அவருக்கு எடுத்த மூளை எம்.ஆர்.ஐ. அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது, அதற்கு மேல் எந்தப் பரிசோதனைக்குப் போவது என்பதில் தெளிவு கிடைக்காததால் இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்து வழக்கப்படி தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து, எத்தனை அங்குலம், எத்தனை சென்ட் என்று நோட்டில் எழுதி வைப்பதை ஓய்வுக்குப் பிறகும் அவர் விடவில்லை. கடந்த ஓராண்டாக அந்த நோட்டில்தான் முதலில் மாற்றத்தைக் கண்டேன். ஒரே தேதியை இரண்டு வரிகளில் எழுதியிருக்கிறார். மாதக் கடைசியில் மொத்தத்தைக் கூட்டிப் போடும் இடம் காலியாக இருக்கிறது. செக்ரோல் என்ற தோட்டக் கூலிப் பதிவேடு முழுவதையும் மனக்கணக்காகவே கூட்டியவர் இப்போது நான்கு எண்களைக் கூட்டுவதற்குள் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோகிறார். ஆனால் எந்த ஆண்டு எந்தப் பிளாக்கில் மிளகு நன்றாகக் காய்த்தது என்று கேட்டால் பிசகாமல் சொல்கிறார். சில நாள்கள் முழுத் தெளிவோடு இருக்கிறார். சில நாள்கள் காலைப் பலகாரம் முடிந்தவுடனேயே கண்ணயர்ந்துவிடுகிறார்.

ஆவணி மாதத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம், சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள் ஃபாசெகாஸ் நிலை 1, வேறு குறிப்பிடத்தக்க குறை எதுவும் இல்லை என்பதுதான் அறிக்கையின் சாரம். காட்டிய மருத்துவர், வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐப்பசி மழையில் வீட்டுப் பின்கட்டில் வழுக்கி, நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். மயக்கமோ வாந்தியோ இல்லாததால் அப்போது மருத்துவமனைக்குப் போகவில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் எடுத்துக்கொள்கிறார்.

இந்த அறிக்கையை வைத்து அல்சைமர் இல்லை என்று நிம்மதி கொள்ளலாமா, அல்லது ஆரம்ப மாற்றங்கள் எம்.ஆர்.ஐ.யில் தெரியாமல் போகக்கூடுமா? பெங்களூரில் இருக்கும் என் அத்தை மகன், அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடும் என்கிறார். அத்தனை செலவு செய்து அங்கே அழைத்துப் போவது பயன் தருமா? எனக்கு வயது 43. அப்பாவுக்கு இருப்பது பரம்பரையாக வரக்கூடியதென்றால் நானும் இப்போதே ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லதா?

பதில்: அயோத்தியாப்பட்டணம் செவிலியர்

மற்ற கேள்விகளுக்கு மருத்துவர்கள் பதில் எழுதட்டும். நான் பல ஆண்டுகள் நரம்பு அறுவைப் பிரிவில் பணி செய்தவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், அதை இன்றோ நாளையோ செய்துவிடுங்கள். உங்கள் எம்.ஆர்.ஐ. ஆவணியில் எடுத்தது, அவர் விழுந்தது ஐப்பசியில். ஆகவே தலையில் பட்ட அடியைப் பற்றி அந்த அறிக்கை எதுவுமே சொல்ல முடியாது.

வயதானவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால், மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே ஓடும் சிறு சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசான இடியிலேயே அவற்றில் ஒன்று கிழிந்து ரத்தம் மெல்ல மெல்லக் கசியலாம். ஆஸ்பிரின் எடுப்பவருக்கு அந்த வாய்ப்பு கூடுதல். மயக்கமும் வாந்தியும் இல்லை என்பதை வைத்து இதை ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் இரண்டு மூன்று வாரங்கள் கழித்துத்தான் தூக்கக் கலக்கம், குழப்பம், நடைத் தள்ளாட்டம் எல்லாம் தலைகாட்டும். வீட்டில் உள்ளவர்கள் மறதி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். சப்ட்யூரல் ஹெமடோமா என்ற இந்த ரத்தத் தேக்கத்தை மண்டையோட்டில் சிறு துளையிட்டு வெளியேற்றினால் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

சாதாரண சி.டி. ஸ்கேன் போதும். விழுந்த தேதியைச் சீட்டில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். புதிய ரத்தம் சி.டி.யில் வெண்மையாகத் தெரியும். ஒன்று முதல் மூன்று வாரங்களில் அது மூளையின் சாம்பல் நிறத்தோடு ஒன்றிப்போய்விடும். அதன் பிறகு கருமையாக மாறும். நடுவில் உள்ள அந்தக் காலத்தில், அதுவும் இருபுறமும் சமமாகத் தேங்கியிருந்தால், பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிட வாய்ப்பு உண்டு.

பதில்: நிழற்பட வாசகன்

சேலத்தில் கதிரியக்கப் பிரிவில் பணியாற்றுகிறேன். செவிலியர் அம்மா சொன்ன சி.டி.யை முதலில் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு கீழே எழுதுவதைப் படிக்கலாம்.

மூளை ஸ்கேன் பற்றிப் பலருக்கும் உள்ள எதிர்பார்ப்பு, அதை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் நோயின் பெயர் தானாக வெளிவந்துவிடும் என்பது. நடைமுறை அப்படி இல்லை. கருவி எடுத்துத் தருவது சில நூறு படங்கள். எந்தக் கேள்வியோடு அவற்றைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே பதில் அமையும். எங்கள் மேசைக்கு வரும் சீட்டுகளில் பெரும்பாலும் ‘மறதி’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் இருப்பதில்லை. எவ்வளவு காலமாக, கணக்கா பெயர்களா வழியா எது முதலில் தடுமாறியது, நடையில் மாற்றம் உண்டா, விழுந்தாரா என்பதெல்லாம் இல்லாமல் வரும் படத்துக்கு, கட்டி இல்லை, பக்கவாதம் இல்லை, வயதுக்கேற்ற சுருக்கம் என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. அதைப் பொய்யென்று சொல்ல முடியாது. உங்களுக்குத் தேவையான விடை அதில் இல்லை என்பதுதான் குறை.

உங்கள் அறிக்கையில் உள்ள ஃபாசெகாஸ் நிலை என்பது மூளையின் வெண்பகுதியில் சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்பால் தோன்றும் புள்ளிகளை 0 முதல் 3 வரை அளவிடும் முறை. 1987 முதல் வழக்கத்தில் உள்ளது. நிலை 1 என்றால் அங்கங்கே தனித்தனிப் புள்ளிகள். நிலை 2இல் அவை ஒன்றோடொன்று சேரத் தொடங்கும். 3இல் பெரும் திட்டுகளாகப் படர்ந்துவிடும். எழுபது வயதில், இதய நோயும் உள்ளவருக்கு, நிலை 1 சாதாரணமாகக் காணக்கூடியதே. அவருடைய கணக்குத் தடுமாற்றத்தை அதன் தலையில் கட்டிவிட முடியாது.

அல்சைமர் நோயில் பொதுவாக முதலில் சுருங்குவது பொட்டெலும்புக்கு உட்புறத்தில், நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி. அதைச் சரியாகப் பார்க்க, அந்த உறுப்பின் நீள அச்சுக்குச் செங்குத்தாக, மெல்லிய தடிமனில் எடுத்த கொரோனல் வெட்டுகள் (முகத்துக்கு இணையான குறுக்குவெட்டுப் படங்கள்) வேண்டும். அதை 0 முதல் 4 வரை மதிப்பிட ஷெல்டென்ஸ் குழுவினர் 1992இல் வகுத்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம்; 75 வயதுக்குக் கீழே 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பு மீறியது என்றும், 75ஐத் தாண்டியவருக்கு 3 இருந்தால்தான் அப்படி என்றும் கொள்கிறோம். உங்கள் தந்தையின் அறிக்கையில் இந்த எண்ணே இல்லை. அதற்காக மறுபடியும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியதில்லை. ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. படங்களைப் பதிந்து கொடுத்த குறுந்தட்டை எடுத்துக்கொண்டு, நரம்பியல் படங்களைத் தொடர்ந்து பார்க்கும் ஒரு கதிரியக்க மருத்துவரிடம் கொடுத்து, ஹிப்போகேம்பஸ் மதிப்பெண்ணையும் மூளையின் எந்த மடலில் (பகுதியில்) சுருக்கம் அதிகம் என்பதையும் எழுதித் தரக் கேளுங்கள். ஃபிலிமை மட்டும் வைத்துக்கொண்டு தட்டைத் தொலைத்துவிடுகிறவர்கள் அதிகம். ஃபிலிமில் அச்சாகியிருப்பது மொத்தப் படங்களில் ஒரு பகுதிதான்.

இன்னொரு நோயையும் அந்தப் படத்திலேயே பார்த்துவிட வேண்டும். மூளை அறைகளில் உள்ள நீர் மிகுந்து அறைகள் விரிந்துபோவது. முதன்முதலில் ஹக்கீம் என்ற கொலம்பிய நாட்டு மருத்துவர் 1965இல் விவரித்தார். காலைத் தரையிலிருந்து தூக்க முடியாத நடை, சிறுநீரை அடக்க முடியாமை, மந்தம் மூன்றும் சேர்ந்து வரும். மூளை சுருங்குவதாலும் அறைகள் பெரிதாகத் தெரியும் என்பதால் அவசர வாசிப்பில் இது ‘வயதுச் சுருக்கம்’ என்ற கணக்கில் போய்விடுகிறது. முதுகுத்தண்டிலிருந்து 30 முதல் 50 மில்லி லிட்டர் நீரை எடுத்துவிட்டு, எடுப்பதற்கு முன்னும் பின்னும் நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். நடை தேறினால், மிகுதியான நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் வைத்துப் பலருக்குப் பலன் கிடைக்கிறது.

ஆரம்ப மாற்றம் எம்.ஆர்.ஐ.யில் தெரியாமல் போகுமா என்று கேட்டீர்கள். போகும். எம்.ஆர்.ஐ. காட்டுவது வடிவத்தை. வடிவம் மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வேதி மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. அதோடு மனிதருக்கு மனிதர் ஹிப்போகேம்பஸின் அளவு இயல்பாகவே வேறுபடும் என்பதால் ஒரே ஒரு படத்தை வைத்து இது சுருங்கியதா, பிறவியிலேயே இவ்வளவுதானா என்று சொல்வது கடினம். முதுமையில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு குறைகிறது. அல்சைமர் உள்ளவர்களுக்கு 3 முதல் 5 விழுக்காடு வரை. ஆகவே ஓராண்டு கழித்து, இயன்றவரை அதே கருவியில் எடுத்த இரண்டாவது படம் முதல் படத்தைவிட அதிகம் பேசும். இப்போது கணினி மென்பொருள்கள் கன அளவை அளந்து, அதே வயதினர் நூறு பேரில் இவர் எத்தனையாவது இடம் என்று அட்டவணை போட்டுத் தருகின்றன. பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் ஒப்பிடும் கூட்டத்தில் நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் என்று கேட்காமல் அந்த எண்ணை நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

ஒன்றிரண்டு விவரம் தேவை. அவருடைய நடை எப்படி இருக்கிறது? தூக்கத்தில் பேசுவது, கத்துவது உண்டா? மழை நோட்டைச் சொன்னீர்களே, எண்கள் தவறியதைத் தவிரக் கையெழுத்தில் மாற்றம் ஏதும் உண்டா?

நாகலூர் மகள்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அன்று மாலையே வண்டி பிடித்து அப்பாவைக் கீழே அழைத்து வந்து சி.டி. எடுத்தோம். ரத்தக் கசிவு இல்லை. பழைய எம்.ஆர்.ஐ. தட்டை வேறொரு மருத்துவரிடம் மறுவாசிப்புக்குக் கொடுத்ததில், ஹிப்போகேம்பஸ் இருபுறமும் மதிப்பெண் 1 என்றும், நீரறைகள் விரியவில்லை என்றும் எழுதித் தந்திருக்கிறார்.

கையெழுத்தைப் பற்றி நீங்கள் கேட்ட பிறகுதான் நோட்டுகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் கட்டத்தை நிறைத்து எழுதியவர், இப்போது வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாகத் தொடங்கி, ‘மேகமூட்டம்’, ‘தூறல்’ என்ற குறிப்புப் பத்திக்கு வருவதற்குள் எழுத்து எறும்பளவு ஆகிவிடுகிறது. நடக்கும்போது இடது கை வீசுவதில்லை. தோள் வலி என்று நினைத்திருந்தோம். தூக்கத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். யாரையோ விரட்டுவதுபோலக் கத்திக் கையை வீசுகிறார் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டிலைத் தனியாகப் போட்டுக்கொண்டாராம். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்வார்களா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். அடுப்பில் பால் தீய்ந்தாலும், பக்கத்து வீட்டில் காப்பிக்கொட்டை வறுத்தாலும் அப்பாவுக்கு வாசனை தெரிவதில்லை.

இன்னொன்று. அந்தி நேரத்தில் வராந்தாவில் ஒரு நாய் படுத்திருப்பதாகச் சில நாள்கள் சொல்கிறார். பயப்படுவதில்லை, அதற்குச் சோறு வைக்கவில்லையா என்று கேட்கிறார். கண்புரை என்று நினைத்து இதை முதல் பதிவில் எழுதவில்லை. அமிலாய்டு பெட் பற்றியும் என் ஸ்கேன் பற்றியும் கேட்டது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பதில்: நரம்பு வழி

நரம்பியல் மருத்துவம் படித்தவன். ஆளைப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இரண்டாம் பதிவில் எழுதியவற்றை அப்படியே ஒரு தாளில் எழுதி நரம்பியல் மருத்துவரின் கையில் கொடுத்தால், அவர் அல்சைமர் என்ற திசையில் முதலில் போகமாட்டார் என்பதை மட்டும் சொல்லலாம்.

நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தெளிவு, இல்லாத உயிரினம் துல்லியமாகக் கண்ணுக்குத் தெரிவது, கனவுக்கேற்பக் கைகாலை வீசும் தூக்கம், பார்க்கின்சன் சாயலில் உடல் அசைவு குறைவது ஆகிய நான்கையும் லூயி உடல் மறதிநோயின் மைய அறிகுறிகளாக 2017ஆம் ஆண்டின் பன்னாட்டு வரையறை சொல்கிறது. மறதிநோயோடு இவற்றில் இரண்டு இருந்தாலே அந்த நோயாக இருக்கப் பெரிதும் வாய்ப்பு உண்டு என்று கொள்கிறார்கள். லூயி என்ற ஜெர்மானிய மருத்துவர் 1912இல் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளை உயிரணுக்களில் கண்ட புரத உருண்டைகள்தாம் ‘லூயி உடல்கள்’. இந்நோயில் தொடக்கத்தில் நினைவு ஓரளவு நன்றாகவே இருக்கும். கவனம், கணக்கு, இடம் தூரம் பற்றிய உணர்வு ஆகியவை முன்னால் தடுமாறும். பழைய மிளகு விளைச்சலைச் சொல்கிறவர் நான்கு எண்களைக் கூட்ட முடியாமல் எழுந்துபோவது இதோடு பொருந்துகிறது. ஹிப்போகேம்பஸ் பெரிதும் சுருங்காமல் இருப்பதும் இந்நோய்க்கு ஆதரவான சான்றாக அந்த வரையறையிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஆக, ‘குறை ஒன்றுமில்லை’ என்று உங்களை அனுப்பிவைத்த அதே படம் இப்போது வேறு பொருள் தருகிறது.

கனவில் கைகாலை வீசும் தூக்கக் கோளாறை நம் வீடுகளில் யாரும் நோயாகவே எண்ணுவதில்லை. பல நாடுகளின் தூக்க ஆய்வு மையங்கள் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், இக்கோளாறு உள்ளவர்களில் ஆண்டுக்கு 6 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டவர்களும், 12 ஆண்டுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கினரும் பார்க்கின்சன் அல்லது அதன் உறவான நோய்களுக்கு ஆளானார்கள். மணம் தெரியாமல் போவதும் இப்படி முந்தி வரும் அறிகுறிதான். ஆரம்ப மாற்றம் என்று நாம் ஸ்கேனில் தேடுவதை உங்கள் அம்மா பல ஆண்டுகளாகப் பக்கத்துக் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இனி அமிலாய்டு பெட். அமிலாய்டு புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி உயிரோடு இருப்பவரின் மூளையில் அதைப் படமெடுக்கலாம் என்பதைப் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், ஸ்வீடனின் உப்சாலா ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து 2004இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் இறந்த பிறகு மூளையை வெட்டிப் பார்த்தால்தான் உண்டு. பரம்பரை அல்சைமர் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வில், அறிகுறி எதிர்பார்க்கப்படும் வயதுக்கு 15 ஆண்டுகள் முன்பே பெட் படத்தில் அமிலாய்டு தெரிந்தது. மூளை குளுக்கோஸைப் பயன்படுத்துவது குறைவதும் நினைவு மங்குவதும் 10 ஆண்டுகள் முன்பு தெரிந்தன. பெரிய சாதனைதான். ஆனால் அதே காரணத்தால் அமிலாய்டு தெரிகிறது என்பது மட்டும் நோயாகிவிடாது. நினைவில் எந்தக் குறையும் இல்லாதவர்களிடையே 50 வயதில் 10 விழுக்காட்டினருக்கும் 90 வயதில் 44 விழுக்காட்டினருக்கும் அமிலாய்டு இருப்பதாக 2015இல் வந்த தொகுப்பாய்வு மதிப்பிட்டது. லூயி உடல் நோய் உள்ளவர்களில் பலருக்கும் அது இருக்கும். ஆகவே உங்கள் தந்தைக்கு அந்த ஸ்கேன் எப்படி வந்தாலும் குழப்பம் தீராது.

அவருக்குப் பொருத்தமான கேள்வி, மூளையின் அடிப்பகுதியில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு முனைகள் குறைந்திருக்கின்றனவா என்பது. அதற்கு டிரோடாட் ஸ்பெக்ட் என்ற ஸ்கேன் உண்டு. இயல்பான மூளையில் படத்தின் நடுவே இரண்டு காற்புள்ளிகள் எதிரெதிராகத் தெரியும். முனைகள் அழிந்திருந்தால் வால் மறைந்து அவை முற்றுப்புள்ளிகளாகிவிடும். அல்சைமரில் காற்புள்ளி பெரும்பாலும் அப்படியே இருக்கும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய இது உதவுகிறது. லூயி உடல் நோயையும் பார்க்கின்சனையும் இதனால் பிரிக்க முடியாது; இயல்பாக வந்தாலும் நோய் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. சில மனச்சோர்வு மருந்துகள் படத்தைக் குழப்பும் என்பதால் மாத்திரைப் பட்டியலை முன்கூட்டியே காட்ட வேண்டும்.

இந்த வசதிகள் ஏன் ஊருக்கு ஊர் இல்லை என்பதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. அமிலாய்டுக்கு முதலில் பயன்படுத்திய கார்பன்-11 என்ற கதிரியக்கப் பொருள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் எந்திரம் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். பிறகு வந்த ஃப்ளோரின்-18க்கு அரைவாழ்வு 110 நிமிடம். பெங்களூரில் தயாரித்துச் சாலை வழியாக நான்கு மணி நேரத்தில் சேலம் கொண்டுவந்தால் கால் பங்கைவிடக் குறைவாகவே மிஞ்சும். டிரோடாட்டுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம்முக்கு ஆறு மணி நேரம்; அதை மருத்துவமனையிலேயே ஒரு ஜெனரேட்டரிலிருந்து வடித்துக்கொள்ளலாம் என்பதால் அணு மருத்துவப் பிரிவு உள்ள இடங்களில் எளிது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று: நேரில் பரிசோதித்துக் கை விறைப்பும் நடையும் தெளிவாக இருந்தால், டிரோடாட்டும் தேவைப்படாமல் போகலாம். முதலில் நரம்பியல் மருத்துவர், பி12 மற்றும் தைராய்டு ரத்தப் பரிசோதனை. அவருக்கு ஐயம் மிஞ்சினால் ஸ்கேன். ரிவாஸ்டிக்மின், டொனெபெசில் போன்ற மாத்திரைகள் இந்நோயில் கவனத்துக்கும் காட்சி மயக்கத்துக்கும் ஓரளவு பலன் தருகின்றன.

பதில்: அம்மாப்பேட்டை நெசவாளி மகன்

என் அம்மாவுக்கு இதே நோய் என்று தெரிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவர் ஐயா எழுதாமல் விட்ட ஒன்றை, பட்ட அனுபவத்தால் எழுதுகிறேன். இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து அம்மா இரவில் கூச்சலிட்டபோது, ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். மறுநாள் காலை கைகால் மரக்கட்டையாக விறைத்துவிட்டது, விழுங்க முடியவில்லை, பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் பிடித்தன. லூயி உடல் நோய் உள்ளவர்களுக்கு இவ்வகை மனநோய் மருந்துகள் ஆபத்தாக முடியலாம் என்பதை அதன் பிறகுதான் எங்கள் நரம்பியல் மருத்துவர் விளக்கினார். அவரிடமே கேட்டு, தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பெயர்களை எழுதி வாங்கிக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். மலையிலிருந்து இரவில் இறங்கி வரவேண்டிய நிலையில் நீங்கள் இருப்பதால் அம்மாவிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

நாயைப் பற்றி அவரோடு வாதாட வேண்டாம். வராந்தாவில் விளக்கைக் கொஞ்சம் பிரகாசமாகப் போடுங்கள். அங்கே மடித்துப்போட்ட சாக்கோ கம்பளியோ கிடந்தால் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பாதி உருவங்கள் அதோடு போய்விட்டன.

பதில்: நிழற்பட வாசகன்

கையெழுத்தைக் கேட்டது வீண்போகவில்லை. அம்மாப்பேட்டை அன்பர் சொன்ன முன்னெச்சரிக்கை இந்த இழையிலேயே மிக முக்கியமானது. நோயின் பெயரைச் சீக்கிரம் தெரிந்துகொள்வதால் கிடைக்கும் நேரடிப் பயனும் அதுதான்.

அல்சைமருக்கு அமிலாய்டை நீக்கும் லெக்கனெமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2023 ஜூலையில் முழு ஒப்புதல் கிடைத்தது. அதன் பிறகுதான் பெட் ஸ்கேன் பற்றிய விசாரிப்புகள் எங்களிடமும் கூடின. 18 மாத ஆய்வில் நோய் வளரும் வேகம் 27 விழுக்காடு குறைந்தது என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். 18 புள்ளி கொண்ட அளவுகோலில் அந்த வேறுபாடு 0.45 புள்ளி. மூளையில் வீக்கமோ நுண்ணிய ரத்தக் கசிவோ வருகிறதா என்று மருந்தின் தொடக்க மாதங்களில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். ஆரம்ப நிலை அல்சைமர், அமிலாய்டு உறுதி என்ற இரண்டும் இருப்பவருக்கு மட்டுமே அந்தப் பேச்சு. உங்கள் தந்தைக்கு இப்போதுள்ள தகவல்படி அது பொருந்தாது.

உங்கள் ஸ்கேன் பற்றி. 43 வயதில், அறிகுறி எதுவும் இல்லாமல், மூளை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இயல்பாக வந்தால் அது எதிர்காலத்தைப் பற்றி எந்த உறுதியும் தராது. தொல்லை தராத ஒரு நீர்க்கட்டியோ வெண்புள்ளியோ தெரிந்தால் அதைத் துரத்திக்கொண்டு மேலும் பல ஸ்கேன்கள் எடுப்பீர்கள். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் மூளை ஸ்கேனையும் சலுகை விலையில் சேர்த்து விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே மரபணுப் பிழையால் இளவயதிலேயே அல்சைமர் வரும் குடும்பங்கள் உண்டு. கொலம்பியாவில் ஒரு பெருங்குடும்பத்தில் 44 வயதளவில் நினைவு மங்கத் தொடங்குவதும், அவர்களின் மூளையில் 28 வயதளவிலேயே அமிலாய்டு சேரத் தொடங்குவதும் பதிவாகியிருக்கின்றன. அத்தகைய குடும்பங்கள் மொத்த அல்சைமரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எழுபதில் தொடங்கிய லூயி உடல் நோயும் பெரும்பாலும் நேரடியாகப் பிள்ளைக்கு இறங்குவதில்லை.

ஸ்கேனுக்குச் செலவிடும் தொகையில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, காது கேட்கும் திறன் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட பட்டியலில் உள்ள, மறதிநோய்க்கு வழிவகுக்கும் மாற்றக்கூடிய 14 காரணிகளில் இவை நான்கும் இருக்கின்றன. தலைக் காயமும் இருக்கிறது, ஆகவே ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டையூசி வளைவுகளில் இருசக்கர வண்டியில் போவதானால் பின்னால் உட்காருபவருக்கும் தலைக்கவசம் வேண்டும். நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எம்.ஆர்.ஐ. தட்டு, புதிய சி.டி., மாத்திரைப் பட்டியல் ஆகியவற்றோடு பழைய மழை நோட்டு ஒன்றையும் இந்த ஆண்டு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். தூக்கத்தைப் பற்றி அம்மாவே பேசட்டும்.